நாலு பழம்புடவை, ஒரு புதுப்பட்டு

கொல்கத்தாவின் தென்கோடியில், டைமண்ட் ஹார்பர் சாலையில், ஜோக்கா என்ற இடத்தில் குருசதய் அருங்காட்சியகம் இருக்கிறது. பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையலால் தைக்கும் காந்தா என்ற துணிகள் அங்கே உண்டு. அவற்றில் ஒன்றைத் தைத்தவர் பெயர் மானதாசுந்தரி தாசி. காலம் 19ஆம் நூற்றாண்டு. ஊர், இன்று வங்கதேசத்தில் இருக்கும் குல்னா பக்கம். வெள்ளைத் துணி முழுக்க ஆட்கள்: சீருடைச் சிப்பாய்கள், வெள்ளைக்காரர்கள், அந்தக் காலத்து வங்காளத்தில் அவர் கண்ணில் பட்டவர்கள். படங்களுக்கு நடுவே வங்க எழுத்துகளும் உண்டு. இதைத் தன் கையால் தைத்துத் தகப்பனாருக்குக் கொடுப்பதாக அந்தப் பெண் ஊசியாலேயே எழுதி வைத்திருக்கிறார். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில் எழுதியது அது. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்த மிகச் சில விஷயங்கள் எல்லாம் அந்தத் துணி சொன்னவைதான்.

அங்கிருந்து கிளம்பி கரியாஹாட் கடைவீதிக்கு வாருங்கள். அங்கே இன்றும் காந்தாதான் விற்கிறது. டசர் பட்டில், பெங்களூர் பட்டில், ரவிக்கைத் துணியில், துப்பட்டாவில், ஆண்கள் போடும் பஞ்சாபி ஜிப்பாவின் மார்பில். சென்னைக் கடைகளிலும் ‘காந்தா ஒர்க்’ என்று கேட்டால் எடுத்துப் போடுகிறார்கள். தையல் அதே தையல்தான். ஊசி மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி மேலே வருகிற சாதாரண ஓட்டுத்தையல். ஆனால் தைத்தவர் யார் என்று எந்தப் புடவையிலும் இருக்காது. கடைக்காரருக்கும் அநேகமாகத் தெரியாது. காந்தாவின் அன்றும் இன்றும் பற்றி எத்தனையோ சொல்லலாம். எனக்கு மனதை அறுப்பது இந்த ஒரு மாற்றம்தான்.

முதலில் அன்று.

வங்காளத்துக் கிராமத்தில் பெண்கள் உடுத்தியது பருத்திப் புடவை. வெள்ளை உடல், சிவப்பிலோ நீலத்திலோ கறுப்பிலோ கரை. உழவு வீட்டில் அது தினமும் குளத்தில் துவைபட்டு, வெயிலில் காய்ந்து, சில வருஷத்தில் நைந்துவிடும். நைந்த பருத்திக்கு ஒரு குணம் உண்டு: புதுத்துணியில் வராத மென்மை. நம் வீடுகளில் பிறந்த குழந்தையைக் கிடத்தத் தூளி கட்டும்போது பாட்டியின் பழம்புடவையைத் தேடுவார்களே, அதே கணக்குதான். மூன்று, நான்கு, ஐந்து என்று பழம்புடவைகளை ஒன்றின் மேல் ஒன்றாக முற்றத்தில் விரிப்பார்கள். சுருக்கமில்லாமல் இழுத்து, ஓரங்களில் கனம் வைத்து, முதலில் பெரிய பெரிய தையலாக ஓட்டிப் பிடிப்பார்கள். அதற்கப்புறம்தான் வேலை ஆரம்பம்.

நூல் கடையில் வாங்கியதல்ல. கரையைப் பிரித்து ஒவ்வொரு இழையாக உருவி எடுத்தது. துணியும் பழசு, நூலும் பழசு; புதிதாக வாங்கியது ஊசி மட்டும்தான். மாதிரி வரைந்துகொள்வதும் கிடையாது. நடுவில் ஒரு தாமரை. நான்கு மூலைகளில் மாங்காய் வடிவிலோ மர வடிவிலோ நான்கு உருவங்கள், நடுவை நோக்கிச் சாய்ந்தபடி. இந்தச் சட்டகத்தைத் தாயிடமிருந்து மகள் வாங்கிக்கொள்வாள். விரத நாட்களில் தரையில் அரிசிமாவால் இடும் ஆல்பனாக் கோலத்தில் ஏற்கெனவே பழகிய கைதான் அது. இடையில் இருக்கும் வெற்றிடம் அவளுடைய சொந்த நிலம். அதில் மீன் வரும், பல்லக்கு வரும், தேர் வரும், ஹூக்கா பிடிக்கும் பாபு வருவார், ரயில் ஓட ஆரம்பித்த பின் ரயிலும் வரும்.

உருவங்களைத் தைத்து முடித்ததும் மிச்ச இடம் முழுவதையும் வெள்ளை நூலால் நிரப்புவார்கள். பார்வைக்குத் தெரியாத உழைப்பு இது. ஆனால் காந்தாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. உருவத்தின் விளிம்பை ஒட்டியே வரி வரியாக ஓட்டுத்தையல் போகும். ஒவ்வொரு தையலும் அத்தனை அடுக்கையும் சேர்த்து இறுக்குவதால் துணி இலேசாக மேடு தட்டும், பள்ளம் விழும். காற்று தொட்ட குளத்து நீர் மாதிரி முழுத் துணியும் அலையோடும். விரலால் தடவினால்தான் இது புரியும், புகைப்படத்தில் அகப்படாது.

அடுப்பு வேலையும் வயல் வேலையும் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிடைக்கும் நேரத்தில் தைப்பது. அதனால் மாதக்கணக்கில், பெரிய காந்தா என்றால் வருஷக்கணக்கில் ஆகும். குளிருக்குப் போர்த்த லேப். விருந்தாளி உட்கார விரிக்கும் சுஜனி. தலையணை உறைக்கு ஓட். கண்ணாடியும் சீப்பும் சுருட்டி வைக்க ஆர்ஷிலதா. புத்தகமும் நல்ல துணியும் பொதிந்து வைக்கப் பய்தன். பணமும் வெற்றிலை பாக்கும் வைக்க துர்ஜனி. உழவன் தை மாதக் குளிரில் விடியற்காலை வயலுக்குப் போகும்போதும், படகோட்டி இரவு படகிலேயே படுக்கும்போதும் உடம்பைச் சுற்றியது இந்தப் பழம்புடவை அடுக்குதான். கம்பளி வாங்க வழியில்லாத வீட்டின் கம்பளி அது.

ஏழ்மையின் துணி என்பதாலேயே துறவிகளும் அதை எடுத்துக்கொண்டார்கள். கிருஷ்ணதாஸ் கவிராஜர் எழுதிய சைதன்ய சரிதாமிருதத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கௌட சுல்தானிடம் அமைச்சராக இருந்த சனாதன கோஸ்வாமி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காசியில் துறவி சைதன்யரிடம் வந்து சேர்கிறார். தோளில் மட்டும் ஒரு விலையுயர்ந்த பூட்டான் கம்பளி. சைதன்யரின் பார்வை அடிக்கடி அந்தக் கம்பளியின் மேல் போகிறது. புரிந்துகொண்ட சனாதனர் கங்கைக் கரைக்குப் போகிறார். அங்கே ஒரு வங்காளி தன் காந்தாவைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருக்கிறான். கம்பளியை அவனிடம் கொடுத்துவிட்டு, அந்தக் காந்தாவை வாங்கிப் போர்த்துக்கொண்டு திரும்புகிறார்.

ஊர் ஊராகப் பாடிப் பிச்சையெடுக்கும் பாவுல்களும் ஃபக்கீர்களும் இதையே உடுப்பாக்கினார்கள். ஆல்கல்லா என்பது அவர்களுடைய தொளதொளத்த நீளச் சட்டை. கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும். கிடைத்த துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு, ஓட்டுத்தையலால் அடுக்கித் தைத்தது. நாம் பொங்கல் வைக்கும் நாட்களில் வீர்பூம் மாவட்டத்து ஜெயதேவ் கேந்துளியில் பாவுல் மேளா கூடும். ஆல்கல்லாவை அங்கே இன்றும் பார்க்கலாம். கொல்கத்தாவின் மேல்தட்டு இதைக் கவனித்து எடுத்துக்கொண்ட ஒரு தருணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1916-இல், பாங்குரா மாவட்டத்தில் பஞ்சம். நிவாரண நிதிக்காகத் தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ வீட்டில் ‘பால்குனி’ நாடகம் போட்டார்கள். அதில் கண் தெரியாத பாவுலாக வேஷம் கட்டியவர் ரவீந்திரநாத் தாகூர். அந்தத் தோற்றத்தை ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் படமாகவும் வரைந்தார். பஞ்சத்தில் அடிபட்ட கிராமத்துக்காக, கிராமத்துப் பிச்சைப் பாடகனின் உருவில் நகரத்தின் முன் நின்றிருக்கிறார் கவிஞர்.

அதற்குப் பின்வந்த இருபது ஆண்டுகளில் நகரம் காந்தாவைத் தேடிப் போய்ச் சேகரித்தது. குருசதய் தத் ஐ.சி.எஸ். அதிகாரி, சில்ஹெட்காரர். மாவட்ட மாவட்டமாக வேலைக்குப் போன இடத்திலெல்லாம் காந்தா, படச்சுருள், மரப்பொம்மை, சுடுமண் என்று கிராமத்துக் கைவேலைகளை வாங்கி வைத்தார். நாட்டார் ஆடலையும் பாடலையும் மீட்பதற்காக 1932-இல் பிரதசாரி இயக்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். 1941-இல் இறந்தார். அவருடைய சேகரிப்பு 1963-இல் ஜோக்காவில் அருங்காட்சியகமாயிற்று. மானதாசுந்தரியின் துணி நம் கண்ணுக்குக் கிடைத்தது அவரால்தான். 1929-இல் ஜசீமுத்தீன் ‘நக்ஷி காந்தார் மாட்’ என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். பிரிந்து போன கணவனை நினைத்துத் தன் வாழ்க்கையையே காந்தாவில் தைக்கும் கிராமத்துப் பெண்ணின் கதை அது; தான் இறந்தபின் அதைத் தன் கல்லறை மேல் விரிக்கச் சொல்லிவிட்டுப் போகிறாள். ஆஸ்திரியாவிலிருந்து வந்து கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இல் காந்தா பற்றி விரிவாக எழுதினார். 1950-இல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். அவர் சேர்த்த காந்தாக்கள் இப்போது ஃபிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குல்னாவிலும் ஜெஸ்ஸோரிலும் ஃபரீத்பூரிலும் தைத்த துணியைப் பார்க்க இன்று ஆய்வாளர்கள் பென்சில்வேனியாவுக்குப் போகிறார்கள்.

நகரம் சேகரிக்கத் தொடங்கிய காலமே காந்தா குறையத் தொடங்கிய காலமும்தான். மில் துணி வந்துவிட்டது, கடை நூல் வந்துவிட்டது, மலிவாகக் கம்பளியும் வந்தது. பிறகு 1947, தேசப் பிரிவினை. காந்தாவின் விளைநிலமான மாவட்டங்களில் பல எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போயின. அங்கிருந்து வந்தவர்களின் மூட்டையில் காந்தா இருந்தது. ஆனால் சியால்தா ரயில் நிலைய மேடையிலும் அகதிக் குடியிருப்புகளிலும் கிடந்த காலத்தில் தாமரை தைக்க யாருக்கு மனம் வரும்? அந்தப் பெண்கள் தைத்தார்கள்தான். சோற்றுக்காக, சட்டையும் பாவாடையும் தைத்தார்கள்.

காசுக்குத் தைப்பது காந்தாவுக்குப் புதிது என்று நினைத்துவிடக் கூடாது. கொல்கத்தா பிறப்பதற்கு முன்பே, ஹூக்ளிக்குப் பக்கத்தில் இருந்த சாத்காவ் துறைமுகத்திலிருந்து போர்த்துக்கீசியர் மஞ்சள் டசர் நூலால் பூவேலை செய்த விரிப்புகளை ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். அவர்கள் ஊர் வேட்டைக் காட்சிகளையும் கப்பல்களையும் வங்காளத்துக் கைகள் தைத்துக் கொடுத்தன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். இப்படி, வாங்குபவர் கேட்ட படத்தைத் தைப்பது ஒரு மரபு. தன் வீட்டாருக்குத் தான் நினைத்த படத்தைத் தைப்பது இன்னொரு மரபு. இன்று நாம் பார்ப்பது முதலாவது, இரண்டாவதை விழுங்கிவிட்ட நிலைமை.

காந்தாவின் மறுபிறப்புக்குத் தொடக்கம் தாகூரின் சாந்திநிகேதன். அதன் கிளையாக 1922-இல் தொடங்கிய ஸ்ரீநிகேதன் கிராமத்துக் கைத்தொழில்களைக் கல்வியோடு சேர்த்தது. சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனத்து ஓவியர்களின் கோடுகள் காந்தாத் தையலில் ஏறின. பழம்புடவை அடுக்கிலிருந்து தையல் மட்டும் பிரிந்து, புதுப் பட்டின் ஒற்றை அடுக்கில் போய் உட்கார்ந்தது இந்த வழியில்தான். 1980களில் கொல்கத்தாவின் ஷம்லு துதேஜா, கணித ஆசிரியையாக இருந்தவர், இந்தத் தையலில் மனதைப் பறிகொடுத்துக் கிராமத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, அவர்களுடைய புடவைகளை வெளிநாட்டுக் கண்காட்சிகள் வரை கொண்டுபோனார். மேற்கு வங்கக் கைவினைக் கழகம் பழைய காந்தாக்களைப் பார்த்து மறுபடி தைக்க வைத்தது. 2008-இல் நக்ஷி காந்தாவுக்கு, அதாவது படம் தைத்த காந்தாவுக்கு, புவிசார் குறியீடும் கிடைத்தது. கொல்கத்தாவை ஒட்டிய சோனார்பூரின் பிரீதிகணா கோஸ்வாமி சின்ன வயதில் தந்தையை இழந்து, ஊசியை நம்பிக் குடும்பத்தைக் கரையேற்றியவர். எத்தனையோ பெண்களுக்குக் கற்றும் கொடுத்தார். 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. மறு ஆண்டே வீர்பூமின் தக்தீரா பேகத்துக்கும் பத்மஸ்ரீ. தையல்காரியின் பெயரைக் குடியரசுத் தலைவர் மாளிகையில் உரக்க வாசித்தார்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இன்று ஒரு பட்டுப்புடவை காந்தாவாகும் வழியைப் பாருங்கள். கொல்கத்தாவில் ஒருவர் வடிவத்தைத் தீர்மானிக்கிறார். அது டிரேசிங் தாளில் ஏறுகிறது. கோடு நெடுக ஊசியால் நெருக்கமாகக் குத்தித் துளையிடுகிறார்கள். புடவையின் மேல் தாளை வைத்து, நீலப்பொடியைக் கெரசினில் குழைத்துத் துணிப்பந்தில் தோய்த்துத் தேய்த்தால், துளை வழியாக நீலப்புள்ளிகள் பட்டில் இறங்கும். கெரசின் ஆவியாகிவிடும், புள்ளி நிற்கும். புடவையும் நூல்கண்டும் பையில் ஏறி, வீர்பூமின் போல்பூருக்கும் நானூருக்கும் போகின்றன. அங்கே ஒரு முகவர், அவரிடமிருந்து கிராமத்தில் பங்கு பிரிக்கும் ஒரு பெண், அவரிடமிருந்து வீடு வீடாக. நிறம் எது எங்கே என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். உடல் முழுக்க நெருக்கமாக நிரப்ப வேண்டிய புடவை ஆறு மாதம்கூட ஒரே வீட்டில் கிடக்கும். கூலி, புடவைக்கு இவ்வளவு என்று. நாளுக்குப் பிரித்துப் பார்த்தால் வயல்கூலியைவிடக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு. விற்கும் விலைக்கும் அதற்கும் நடுவே எத்தனை கை என்பதைப் பொறுத்தது அது. கண்ணும் இடுப்பும்தான் முதலில் தேயும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய காந்தாதான் தூய்மை, விற்பனைக் காந்தா சீரழிவு என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று வீட்டுக்காகத் தைத்தவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. இன்று வீர்பூம் கிராமத்தில், வெளியே வேலைக்குப் போக வீட்டில் சம்மதமில்லாத பெண், இஸ்லாமியக் குடும்பங்களில் இப்படிப் பலர், திண்ணையில் உட்கார்ந்தபடியே பள்ளிக் கட்டணத்துக்குச் சம்பாதிக்கிறார். அதை எந்த அருங்காட்சியகத் துணியும் ஈடுசெய்யாது. நான் கேட்பது வேறு. மானதாசுந்தரிக்கு இருந்த அந்த நடு நிலம், எந்தப் படத்தைத் தைப்பது என்று தானே முடிவெடுக்கும் இடம், இவருக்கு ஏன் இல்லாமல் போனது? சொந்தமாகப் படம் யோசிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். பத்மஸ்ரீ வரை போனவர்களே அதற்குச் சாட்சி. விலைச்சீட்டில் துணியின் வகையையும் சலவை முறையையும் அச்சடிக்கிற கடை, ஒரு பெயரும் ஒரு ஊரும் சேர்க்க எவ்வளவு செலவாகிவிடும்?

இந்தக் கேள்விக்கு அவசரமும் வந்துவிட்டது. கணினி எம்பிராய்டரி எந்திரம் காந்தாவைப் போலவே போட்டுத் தள்ளுகிறது. தையலை அச்சடித்த துணியே இருக்கிறது. நடைபாதைக் கடையில் எல்லாவற்றுக்கும் ‘ஹேண்ட்வொர்க், அக்கா’ என்ற ஒரே பதில்தான். வாங்குபவர்கள் புடவையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கையால் போட்ட ஓட்டுத்தையலில் மேலே ஒரு கோடு, ஒரு இடைவெளி. கீழேயும் அதே போல ஒரு கோடு, ஒரு இடைவெளி. நீளம் ஒன்றுக்கொன்று மயிரிழை மாறும். எந்திரத்தில் அடிநூல் தனியாக ஓடுவதால் பின்பக்கத்தில் இடைவெளியே இல்லாமல் நூல் தொடர்ந்து போகும். கைவேலைப் புடவையின் பின்பக்கம் முன்பக்கத்துக்கு ஏறத்தாழ இணையாக இருக்கும். பத்து விநாடி வேலை. அதைச் செய்யாமல் வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு கிராமத்து வீட்டின் ஆறு மாதத்தை எந்திரத்திடம் தோற்கடிக்கிறார்கள்.

ஜோக்காவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் அந்த ஊருக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 2017-இல், மத்திய ஜவுளி அமைச்சகம் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தியது. ஊழியர்கள் சம்பளமில்லாமல் அல்லாடினார்கள். பருத்தித் துணிக்கு ஈரமும் பூச்சியும் எமன். கொல்கத்தா மழைக்காலம் கேட்கவே வேண்டாம். காந்தாவால் இத்தனை வியாபாரம் நடக்கும் நகரத்தில், அதன் மூலப்பிரதிகளைக் காக்கப் பணமில்லை என்று ஒரு நாளும் ஆகக் கூடாது.

ஒட்டுத்துணி ஆல்கல்லாவும் சந்தைக்கு வந்தாயிற்று. சாந்திநிகேதனின் சோனாஜுரிச் சந்தையிலும் கொல்கத்தா மேளாக்களிலும் புதுத்துணியை வெட்டி ஒட்டுப்போட்ட ஜிப்பாவும் ஜாக்கெட்டும் தொங்குகின்றன. கல்லூரிப் பிள்ளைகள் ஆசையாக வாங்கிப் போடுகிறார்கள். பழம்புடவை அடுக்குக்கும் வெளிநாட்டில் கிராக்கி. கொல்கத்தாத் தெருக்களில் எவர்சில்வர் பாத்திரத்தைக் கொடுத்துப் பழம்புடவை வாங்கும் பெண்களைப் பார்க்கலாம். நம் ஊரிலும் பார்த்த வியாபாரம்தான். அப்படிச் சேரும் புடவைகளில் நல்லவற்றைப் பொறுக்கி, இரண்டு மூன்று அடுக்காகப் பெரிய தையலில் ஓட்டி, படுக்கை விரிப்பாகவும் தொளதொள ஜாக்கெட்டாகவும் ஏற்றுமதி செய்கிறார்கள். பழையது என்பதற்கே விலை. தாமரையும் கிடையாது, அலையும் கிடையாது. வேகமாகத் தைத்த நேர்கோடு.

வீட்டுக்காகத் தைப்பது மட்டும் முழுசாக நின்றுவிடவில்லை. பகலில் முகவரின் பட்டைத் தைக்கும் அதே பெண், மகளுக்குப் பிரசவம் என்றால் பழம்புடவையை அடுக்கிக் குழந்தைக்குச் சின்னதாக ஒரு காந்தா தைக்கிறார். அதற்கு டிரேசிங் தாள் இல்லை, கெரசின் இல்லை, கூலியும் இல்லை. என்ன தைப்பது என்று சொல்ல ஆளும் இல்லை. கஷ்டம் துணிக்குத்தான். கிராமத்திலும் இப்போது தினப்படிக்கு நைட்டியும் சிந்தெடிக் புடவையும் என்றாகிவிட்டது. பாலியெஸ்டர் எத்தனை வருஷம் துவைத்தாலும் மென்மையாகாது, குழந்தையின் ஈரத்தையும் உறிஞ்சாது. அதனால் பருத்திப் புடவை இன்னும் கட்டும் கிழவி எந்த வீட்டில் இருக்கிறார் என்று தேடி, ‘உன் பழசு இருந்தால் நாலு கொடு’ என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்.